காலைக் கழுவச் சொன்னவள்

நீங்க சன்னல் ஓரமா உக்காந்துக்கங்க நர்ஸம்மா. இந்த ரோட்டை நான் பாக்காத பார்வையா. மரம் விழுந்துடுச்சுன்னா ஃபாரஸ்ட்காரங்க வந்து அறுத்துப் போட்டாத்தான் பஸ் நகரும். மழைக்காலத்துல மேல்மலைப் பக்கம் இது வாடிக்கைதான். கண்டக்டர் இறங்கிப் போய் பீடி பத்த வச்சுட்டாரு பாருங்க. அப்ப இப்போதைக்கு இல்ல.

எங்க நெடுவரைக்குத்தானே வர்றீங்க? புதுசா நர்ஸம்மா வரப் போறாங்கன்னு போன வாரமே பேச்சு. உங்க பெட்டியையும் சுருட்டின பாயையும் பாத்ததும் நீங்கதான்னு நினைச்சேன். என் பேரு பூரணம். ஊருக்குள்ள போய் அந்தப் பேரைச் சொன்னா யாருக்கும் சட்டுனு தெரியாது. "கால்கழுவியா?"ன்னு கேப்பாங்க. ஆமா, அதான் இப்ப என் பேரு. அந்தப் பேருக்கு என்னென்ன அர்த்தம் வரும்னு உங்களுக்கே தெரியும். சின்னப் பிள்ளைங்க கூடச் சொல்லிட்டுச் சிரிக்குதுங்க. எப்படியும் நாளைக்கு உங்க காதுல விழத்தான் போகுது. கண்டவங்க வாயால கேக்குறதுக்கு நானே சொல்லிடறேன். நான் செஞ்சது தப்புதான், இல்லேன்னு சொல்லல. ஆனா என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டுத் திட்டுங்க.

எங்க தோட்டம் ரோட்டு வளைவுலயே இருக்கு. பஸ் அங்க திரும்பணும்னா மெதுவாத்தான் போகணும், அதனால ஏறி உக்காந்திருக்கிற அத்தனை பேரும் எங்க தோட்டத்தைப் பாத்துட்டுத்தான் போவாங்க. முன்னெல்லாம் அது எங்களுக்குப் பெருமை. எங்க வீட்டுக்காரர் பட்டாணின்னா சுத்துப்பட்டு ஊர்ல தெரியும். காயைப் பிரிச்சாப் பல்வரிசை மாதிரி இருக்கும். "உங்க விதையில கொஞ்சம் குடுங்க"ன்னு வந்து நிப்பாங்க. அவரும் மீசையைத் தடவிக்கிட்டே குடுப்பாரு. கை தாராளம், வாய் அதைவிடத் தாராளம்.

இந்த வருஷம் ஆனியில போட்டோம். நல்லாத்தான் முளைச்சு வந்துச்சு. பூ எடுக்குற நேரத்துல கீழ்ப் படிக்கட்டுல, அதான் மலைச்சரிவுல படிப்படியா வெட்டி வச்சிருப்போம்ல, அதுல கடைசிப் படியில, ஒரு ஓரமா கொஞ்சம் செடி வெளுத்துச்சு. அடியில இருக்கிற இலை மஞ்சளாச்சு, அப்புறம் அதுக்கு மேல, அப்புறம் அதுக்கு மேல. மத்தியானம் வெயில் ஏறினா தலையைத் தொங்கப் போட்டுடும், சாயங்காலம் கொஞ்சம் நிமிந்து பாக்கும். காய்ச்சல்காரங்க மாதிரி. இவரு தண்ணி பத்தலன்னாரு. தண்ணி விட்டோம். விட விட இன்னும் தொங்குச்சு. கடையில போய் மருந்து வாங்கிட்டு வந்து அடிச்சாரு. மருந்துக்கடைக்காரர் என்ன குடுத்தாரோ, அது பாட்டுக்குப் படர்ந்துக்கிட்டே போச்சு. கண்ணு பட்டுடுச்சுன்னு பூசணிக்காயில மூஞ்சி வரைஞ்சு கம்புல கட்டினாரு. செடி செத்துது, பூசணிக்காய் நல்லா இருந்துச்சு.

எனக்கு நஷ்டத்தை விட மானம்தான் நர்ஸம்மா பெருசாப் போச்சு. பஸ் திரும்பும்போது உள்ள இருந்து எட்டிப் பாக்குறது எனக்குத் தெரியும்ல? சன்னல்ல தலை திரும்பும். ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக் காட்டுவாங்க. பழைய சேலையெல்லாம் எடுத்து ரோட்டோரம் வேலியில கட்டினேன். காட்டெருமைக்குன்னு சொன்னேன். எல்லாரும் கட்டுறதுதான், அந்தக் கலரு ஆடுறதைப் பாத்தா அது உள்ள வராதுன்னு. ஆனா நான் கட்டினது மனுசங்க பாக்கக் கூடாதுன்னு. கல்யாணச் சேலை ஒண்ணைத் தவிர எல்லாத்தையும் கட்டிட்டேன்னு வச்சுக்கங்க.

அந்த நேரத்துலதான் விவசாயக் காலேஜுல இருந்து ஒரு பொண்ணு வந்துச்சு. ஊர் ஊராப் போய்ப் பயிரு பாக்குற வேலை. சேலையை விலக்கிட்டு எட்டிப் பாத்துடுச்சு. எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு, குளிச்சிட்டு இருக்கும்போது எட்டிப் பாத்த மாதிரி. அது அதெல்லாம் கண்டுக்கல. ஒரு செடியைப் பிடுங்கி, பிளேடால தண்டை நீளவாக்குல கீறிக் காட்டுச்சு. வெளியில பச்சையா இருக்குற தண்டுக்குள்ள செம்மண் கலர்ல ஒரு கோடு. டீ ஊத்திக் கறை பட்ட துணி மாதிரி.

"இது வாடல் நோய்மா. ஒரு பூஞ்சை. வேர் வழியா உள்ள போய், தண்ணி ஏறுற குழாயை அடைச்சிடும். நீங்க எவ்வளவு தண்ணி விட்டாலும் மேல போகாது"ன்னு சொல்லுச்சு.

"மருந்து?"ன்னாரு இவரு.

"வந்த செடியைக் காப்பாத்த மருந்து இல்லைங்க. இது மண்ணுல தங்கிடும். பல வருஷம் இருக்கும். இங்க இனி பட்டாணி போடாதீங்க. பூண்டு போடுங்க, கேரட் போடுங்க. முக்கியமா ஒண்ணு, இந்த மண்ணு ஒட்டின காலோட, மம்பட்டியோட அடுத்தவங்க பட்டாணிக்குள்ள இறங்காதீங்க. அப்படித்தான் இது ஊர் விட்டு ஊர் போகுது."

சொல்லிட்டு அந்தப் பொண்ணு வரப்புல நின்னு தன்னோட பூட்ஸைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவிட்டுத்தான் வண்டியில ஏறுச்சு. இவரு அது போனதும் சிரிச்சாரு. "காலைக் கழுவுனாப் போற நோவா? காலேஜுல இதைத்தான் சொல்லிக் குடுக்குறாங்களா?"ன்னாரு. அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு, "பூரணம், இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். நம்ம பொண்ணுக்குப் பூ வைக்கிற வரைக்கும் வெளியில மூச்சு விடாதே"ன்னாரு.

நானும் சரின்னேன்.

எங்களுக்கு ஒரே பொண்ணு, சுகந்தி. கொடைக்கானல்ல மெடிக்கல் கடையில வேலை. ஆனைமேட்டுல இருந்து ஒரு நல்ல இடம் வந்து பாத்துட்டுப் போயிருந்தாங்க. மாப்பிள்ளை பேரு தெய்வேந்திரன். அவங்க அப்பா அய்யாவுன்னு, பெரிய பட்டாணி விவசாயி. பையனுக்கும் பொண்ணுக்கும் பிடிச்சிருச்சு, போன்ல பேசிக்கிட்டாங்க. ஆவணியில ஒரு நல்ல நாள் பாத்துப் பூ வைக்க வர்றதாச் சொல்லியிருந்தாங்க. பொண்ணு தலையில பூ வச்சுட்டாப் பாதிக் கல்யாணம் முடிஞ்ச மாதிரிதானே எங்க பக்கம். பட்டாணிக்காரர் வீட்டுல சம்பந்தம் பண்ணும்போது, எங்க பட்டாணி செத்துப் போச்சுன்னு எந்த வாயால சொல்றது?

வந்தாங்க. வேன் நிறைய வந்தாங்க. கேசரி, வடை, காப்பி. பூத்தட்டு, பழத்தட்டெல்லாம் சாமி படத்துக்கு முன்னாடி இருக்கு. நல்ல நேரம் வர இன்னும் கொஞ்சம் இருந்துச்சு. அய்யாவு அண்ணன் நல்ல மனுசன், வாய் நிறையப் பேசுவாரு. அன்னைக்கு என்னமோ அவ்வளவாப் பேசல. "எங்க வீட்டுல பட்டாணியைத் தவிர வேற ஒண்ணும் தெரியாதும்மா. மூணு பயலுகளும் அதை நம்பித்தான் இருக்கானுக. இப்ப எல்லாம் பூவுல நிக்குது"ன்னு மட்டும் சொன்னாரு. அந்தச் சொல்லு எனக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு.

காப்பியைக் குடிச்சுட்டு எந்திரிச்சவரு, "வாங்க மச்சான், உங்க பட்டாணியைக் கண்ணால பாத்துட்டு வந்துடுவோம்"ன்னாரு. இவரு பூண்டுக் காட்டைக் காட்டறேன்னாரு. அவரு கேக்கல. மழை வர்ற மாதிரி இருக்குன்னாரு. அதுக்கும் கேக்கல. ஆம்பளைங்க முன்னாடி போக, அவரு சம்சாரமும் மத்த பொம்பளைங்களும் பின்னால வந்தாங்க. நானும் போனேன். மேல்படி இன்னும் பச்சையாத்தான் இருந்துச்சு, அதோட நிறுத்திக் கூட்டிட்டு வந்துடலாம்னு இவரு நினைச்சிருப்பாரு. ஆனா அய்யாவு அண்ணன் செருப்பை வரப்புல கழட்டி விட்டுட்டு, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, நேரா கீழ்ப்படிக்கு இறங்குறாரு.

நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். இருக்க முடியல நர்ஸம்மா. அந்தக் காலோட அவரு நாளைக்குக் காலையில எங்க போய் நிப்பாரு? பூவுல நிக்கிற பட்டாணிக்குள்ள. மூணு பசங்க பொழைப்புக்குள்ள. எனக்கு வேற ஒண்ணும் தெரியல, அந்தக் காலு மட்டும்தான் தெரிஞ்சுச்சு.

"அண்ணே, இறங்காதீங்க!"ன்னு கத்திட்டேன். அவரு அதுக்குள்ள இறங்கிட்டாரு. "நோவு இருக்கு. மண்ணுல இருக்கு. கால்ல ஒட்டிக்கிட்டு வந்து உங்க காட்டையும் பிடிச்சுக்கும். மேல ஏறுங்க, ஏறிக் காலைக் கழுவுங்க!"

கத்தினதோட விட்டேனா? ஓடிப் போய்க் குடத்துல தண்ணி கொண்டாந்து, சோப்பும் தேங்காநாரும் கொண்டாந்து வச்சுட்டேன். அப்ப அவரு சம்சாரம் கேட்டுச்சு பாருங்க, "நல்ல காரியத்துக்கு வந்த இடத்துல எழவு வீட்டுல இருந்து போற மாதிரி காலைக் கழுவிட்டுப் போகச் சொல்றாளே, என்ன குடும்பம் இது?"ன்னு.

அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. எழவு வீட்டுல இருந்து வந்தாத்தானே காலைக் கழுவுவோம். வீட்டுக்குள்ள வரும்போது கழுவத் தண்ணி குடுத்தா மரியாதை. போகும்போது குடுத்தா? சம்பந்தி ஆகப் போறவரை, அத்தனை பேரு முன்னாடி, எழவு வீட்டு வாசல்ல வைக்கிற தண்ணி மாதிரி குடத்தை வச்சு... ஐயோ, இப்ப நினைச்சாலும் எனக்குக் காது சுடுது. பக்கத்துல போய்க் காதோட சொல்லியிருக்கலாம்ல? மெதுவாச் சொல்லத் தெரியாதா ஒரு பொம்பளைக்கு?

அய்யாவு அண்ணன் மூஞ்சி வெளுத்துப் போச்சு. வரப்புல உக்காந்து காலைக் கழுவினாரு. விரலிடுக்கு, நகக்கண்ணு, குதிகாலுன்னு ரொம்ப நேரம் கழுவினாரு. சரியான கோவம்னு நினைச்சுக்கிட்டேன். எந்திரிச்சாரு, செருப்பை மாட்டினாரு, வேனைப் பாத்துப் போயிட்டாரு. பின்னாலயே எல்லாரும் போயிட்டாங்க. பூத்தட்டு எங்க வீட்டுலயே கிடந்துச்சு. மறுநாள் ஆள் விட்டு எடுத்துட்டுப் போனாங்க.

இவரு அன்னையில இருந்து என்கூடச் சரியாப் பேசறதில்ல. "சோறு வை", "கதவைச் சாத்து", அவ்வளவுதான். சுகந்தி மட்டும் அன்னைக்கே நல்ல சேலையை மாத்திட்டு வந்து, என்கூட நின்னு அத்தனை செடியையும் வேரோட பிடுங்கித் தீ வச்சா. "நீ செஞ்சது சரிதாம்மா"ன்னா. பாவம், பெத்தவ மனசு நோகக் கூடாதுன்னு அப்படிச் சொல்றா. அவ கண்ணு சிவந்திருந்துச்சு. புகைன்னா.

என்ன சிரிக்கிறீங்க? ஓ, உங்க வேலையில அப்படியா. ஆமா, நீங்க கையைக் கழுவுங்க காலைக் கழுவுங்கன்னு சொன்னா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. நீங்க படிச்சவங்க, வெள்ளைச் சேலை கட்டியிருக்கீங்க. நான் யாரு?

இருங்க, இன்னும் முடியல. புரட்டாசியில ஒரு நாள் பஸ்ஸு வளைவுல நின்னுச்சு. அய்யாவு அண்ணன் ஒத்தையா இறங்கினாரு. நான் தோட்டத்துல பூண்டுக்கு மண்ணு அணைச்சுக்கிட்டு இருந்தேன். இவரு சந்தைக்குப் போயிருந்தாரு. அவரு ரோட்டை விட்டு இறங்கவே இல்ல. அங்க நின்னுக்கிட்டே, "தங்கச்சி, கொஞ்சம் இங்க வா"ன்னாரு. திட்டத்தான் வந்திருக்காருன்னு நினைச்சேன். முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டுப் போய் நின்னேன்.

"வீட்டுக்கு வாங்கண்ணே, காப்பி போடறேன்"ன்னேன்.

"வேணாம்மா. நின்னே சொல்லிடறேன். உக்காந்தாச் சொல்ல வராது"ன்னாரு. தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. "அன்னைக்கு நான் வந்தேன்ல, அதுக்கு முன்னாடியே என் காட்டுல ரெண்டு இடத்துல வெளுத்திருந்துச்சு. பயலுகளுக்குக் கூடச் சொல்லல. என்ன நோவுன்னும் தெரியல. உங்க வீட்டுப் பட்டாணி நல்லா இருக்கா, இல்ல எல்லா ஊர்லயும் இப்படித்தானான்னு பாக்கத்தான் அவ்வளவு பிடிவாதமா இறங்கினேன். அன்னைக்குக் காலையில என் காட்டைச் சுத்திப் பாத்துட்டு, காலைக் கூடச் சரியாக் கழுவாமத்தான் வேன்ல ஏறினேன். நீ கால்ல ஒட்டும்னு கத்தினதும், என் குட்டு வெளிப்பட்டுப் போச்சுன்னு நினைச்சுட்டேன். அதான் நிக்காமப் போயிட்டேன்."

என் கண்ணு அவரு காலுக்குத்தான் போச்சு.

"என் காட்டைக் காப்பாத்தணும்னு நீ கத்துற. நான் நோவுக் காலோட உன் காட்டுல நிக்கிறேன். உங்களுக்கு முன்னாடியே வந்திருந்துச்சு, அது வேற. வராம இருந்திருந்தா? நான்தானே கொண்டாந்து விட்டிருப்பேன்"ன்னாரு. அவ்வளவு பெரிய மனுசன், நர்ஸம்மா, என் முன்னாடி மூஞ்சியைத் துண்டால துடைக்கிறாரு. எனக்கு எங்கயாவது ஓடிப் போய் ஒளிஞ்சுக்கலாம்னு இருந்துச்சு. என்னாலதானே அவருக்கு இந்த நிலைமை? நான் கத்தாம இருந்திருந்தா, அவரு இப்படி வந்து நின்னிருக்க வேண்டாம்ல?

காலேஜுப் பொண்ணோட போன் நம்பரைக் கேட்டாரு. குடுத்தேன். அது போய்ப் பாத்துட்டு அதே நோவுன்னு சொல்லியிருக்கு. பிடிச்ச இடத்தை வேரோட அழிச்சு, கம்பி கட்டி, யாரும் இறங்காம வச்சிருக்காராம். மிச்சப் படியெல்லாம் தப்பிச்சிருச்சு. வீட்டுல கேட்டதுக்கு, பட்டாணிக்கு விலை இல்ல, அதான் அழிச்சேன்னு சொல்லியிருக்காரு. அவரு சம்சாரம் அவருக்குப் புத்தி கலங்கிப் போச்சுன்னு சொல்லிக்கிட்டுத் திரியுதாம்.

போகும்போது கும்பிட்டுட்டுச் சொன்னாரு. "தங்கச்சி, இது வெளியில தெரிய வேணாம். இன்னும் ரெண்டு பயலுகளுக்குக் கல்யாணம் ஆகல. காட்டுல நோவுன்னு தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்? தெய்வேந்திரன் உங்க பொண்ணைத்தான் கட்டுவேன்னு நிக்கிறான். தை பிறக்கட்டும், வீட்டுல பேசிப் பாக்கறேன்."

சரிண்ணே, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு நானும் கும்பிட்டேன்.

என்ன பேசிப் பாக்க முடியும் அவரால? அந்தம்மாவுக்குத் தெரிஞ்சதெல்லாம் நான் குடத்தை வச்சதுதான். அவமானப்படுத்தின வீட்டுல எப்படிப் பொண்ணு எடுக்கிறதுன்னு ஒத்தக்கால்ல நிக்குது. அதுல தப்பு சொல்ல முடியுமா? எனக்கே கோவம் வரும். அவரு உள்ளதைச் சொன்னா அந்தம்மா இறங்கி வரும். சொல்ல முடியல அவரால. வெக்கம். அவரைக் குத்தம் சொல்லாதீங்க, நானும் சேலை கட்டி மறைச்சவதானே. எங்க வீட்டுக்காரர்கிட்ட கூட நான் இதைச் சொல்லல. சொன்னா என்கூடப் பேசுவாரு, தெரியும். ஊரும் வாயை மூடும். ஆனா வாக்குக் குடுத்துட்டேனே, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு...

ஐயையோ.

உங்ககிட்டச் சொல்லிட்டேனே நர்ஸம்மா. பாத்தீங்களா என் வாயை? பஸ்ஸு நின்னாப் போதும், வெளியூர் ஆளு கிடைச்சாப் போதும், கொட்டிடறது. நீங்க ஊருக்குப் புதுசு, உங்களுக்கு யாரையும் தெரியாதேன்னு ஒரு நெனப்புல... அய்யாவுன்னு நான் பேரு சொல்லியிருக்கவே கூடாது. மறந்துடுங்க. உங்களுக்குத்தான் ஆனைமேட்டுல யாரையும் தெரியாதே.

என்னது?

ஆனைமேடும் உங்களுக்குத்தானா? வாரம் ஒரு நாள் அங்கயும் போவீங்களா?

சரிதான். போச்சு.

அந்தம்மாவுக்கு, அதான் அவரு சம்சாரத்துக்கு, பிரஷர் இருக்கு நர்ஸம்மா. மாத்திரைக்கு உங்ககிட்டத்தான் வரும். பேரு கனகாம்பாள். நல்ல மாதிரிதான், மனசுல வச்சுக்கிட்டுக் கறுவுற ஆள் இல்ல. நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க. கையெடுத்துக் கேக்கறேன், என் வாக்கு போயிடும். அந்த மனுசன் வெளியில தலை காட்ட முடியாது.

ஆனா, அந்தம்மாவே உங்ககிட்ட வந்து, "நெடுவரையில கால்கழுவின்னு ஒருத்தி இருக்காளே, பாத்தீங்களா?"ன்னு கேட்டு, நீங்களா இல்ல, அதுவா கேட்டு...

சீ. பாத்தீங்களா என் புத்தி போற போக்கை? வேணாம். நீங்க எதுவும் சொல்ல வேணாம். மரத்தை எடுத்துட்டாங்க போல, கண்டக்டர் ஏறுறாரு. நீங்க அந்தப் பக்கம் பாருங்க நர்ஸம்மா, என் மூஞ்சியைப் பாக்காதீங்க.